உள்ளான்களின் அசதி

ஏரியைப் பாதி தூர்த்துப் புறவழிச்சாலை போட்ட வருஷம் தொடங்கி, வடக்கேயிருந்து வரும் உள்ளான்களின் அசதி பாஸ்போர்ட் படம் எடுக்கும் படக்காரம்மாவின் உடம்பில் இறங்கியது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இலை உதிரத் தொடங்கிய இரண்டாம் வாரம் அவள் ஸ்டுடியோ கதவில் ‘அசதி, பிறகு வரவும்’ என்று அட்டை தொங்கும். அவசரக்காரர்கள் அதற்கு முன்பே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். நீண்ட மூக்கும் குச்சிக் காலுமான அந்தப் பறவைகள் முன்பெல்லாம் ஏரிச் சேற்றில் பத்து நாள் நின்று, புழு தின்று, அலுப்புத் தீர்ந்து தெற்கே போகும். சேறு தாருக்கு அடியில் போன பிறகு நிற்க இடமில்லை. முதல் வருஷம் சாலையில் விழுந்தவற்றைத் துப்புரவுக்காரர்கள் சட்டியில் அள்ளினார்கள். படக்காரம்மா சும்மா ஒரு படம் எடுப்போமே என்றுதான் அங்கே போனாள். தள்ளாடிக்கொண்டு வந்த ஒன்றைப் பார்த்து கேமராவை அமுக்கினாள். அது தலைமுழுகி எழுந்தது போல உடம்பை உதறிக்கொண்டு, கால் தரையில் படாமலே தெற்கே போனது. அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. காதுக்குள் காற்று ஓயவே இல்லை.

மூன்றாவது பறவையிலேயே விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு பறவைக்கு ஒரு படம். அதற்கு மேல் எடுப்பதில்லை. ஸ்டுடியோவிலும் அவள் வழக்கம் அதுதான், ஒரு தலைக்கு ஒரே அமுக்கு. இன்னொன்று எடுங்கம்மா என்று கெஞ்சினாலும், ரெண்டாவது தடவை முகம் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும் என்பாள். இப்படிப் பத்தொன்பது வருஷம் போனது. இதற்கிடையே புருஷன் போய்ச் சேர்ந்தார், மகள் கல்யாணமாகி விமானத்தில் போகிற தூரத்துக்குப் போனாள், தனியாகிவிட்ட அக்கா தன் தையல் மிஷினோடு வந்து சேர்ந்தாள். வருஷத்துக்கு நூறு, நூற்றிருபது என்று உள்ளான்கள் வந்துகொண்டிருந்தன.

அக்கா இதையெல்லாம் நம்பவில்லை. கண் முன்னால் நடப்பதை நம்பாமல் இருப்பதற்கு ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் நிறைய இருந்தது. “குருவி பறக்குதாம், இவளுக்கு முதுகு வலிக்குதாம். பாத்திரம் விளக்கச் சொன்னா யாருக்கும் எதுவும் வரும்” என்பாள். “உனக்கு வலிச்சா தெரியும்க்கா” என்று படுத்தபடியே தங்கை சொல்வாள். “எனக்கு வலிக்க நேரம் ஏதுடி, ஏழு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும்.” சொல்லிக்கொண்டே பாத்திரத்தையும் அவளே விளக்கிவிடுவாள்.

இருபதாவது வருஷம் இதயத்தைப் பார்த்த டாக்டர், எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, இது ஐம்பத்தெட்டு வயசு இதயம் இல்லை, கடல் தாண்டின இதயம், இன்னொரு பருவம் தாங்காது என்று எழுதிக் கொடுத்தார். மகள் போனில் அழுதாள். பழைய கேமராவின் கனத்தால்தான் அம்மாவுக்குத் தோள் வலி என்பது அவள் முடிவு. உள்ளங்கையில் அடங்குகிற புதுசு ஒன்றை வாங்கி அனுப்பினாள். படக்காரம்மா அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் போனாள். அறுபத்திரண்டாவது பறவையில் கால் மடங்கியது. ஆட்டோக்காரர் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே இன்னும் பதினேழு வந்து புறவழிச்சாலைக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து சுற்றின. தங்கை கட்டிலிலிருந்து உருண்டு இறங்கி, செருப்பை நோக்கித் தவழ்ந்தாள். அதைப் பார்த்ததும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“விழுந்துடும்க்கா. கீழே லாரி போகுது.”

“நீ விழுந்தா யாருடி அள்ளுறது? படு. பாத்து அமுக்கணும், அவ்வளவுதானே? அப்பவாவது அடங்கிக் கிட.” அலமாரியிலிருந்த புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

நாற்பது வருஷம் மிஷின் மிதித்த உடம்பு அது. தையல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் காலை எடுத்தால் நூல் அறும் என்று பழகியவள். பறவை கண்ணில் பட்டதும் பொத்தானை அமுக்கினாள், அது கண்ணைவிட்டுப் போகிறவரை விரலை எடுக்கவில்லை. அமுக்கிப் பிடித்தால் விநாடிக்குப் பத்து எடுக்கிற கேமரா அது. பதினேழு பறவைக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் படம் விழுந்தது. முதல் படத்தில் இந்தப் பயணத்தின் அசதி வந்தது. இரண்டாவதில் போன வசந்தத்தில் திரும்பிப் போன அசதி. மூன்றாவதில் அதற்கு முந்தியது. இப்படியே போய்க் கடைசிப் படங்களில், ஓட்டைக் கொத்தி முட்டையிலிருந்து வெளியே வந்த அசதிகூட மிச்சமில்லாமல் வந்துவிட்டது. அக்கா தானாகவே நடந்து வீட்டுக்கு வந்தாள். “ஒண்ணுமில்ல, கொஞ்சம் சாயுறேன்” என்றாள். படுத்தவளுக்குக் கண் திறக்கவில்லை. தலையணையை மட்டும் மூக்கால் மெல்ல முட்டிக்கொண்டிருந்தாள்.

பறவைகளும் போகவில்லை. துளி அசதியும் இல்லாத பறவைக்கு எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, இறங்கவும் வேண்டியதில்லை. பதினேழும் வீட்டுக்கு மேலே, மின்கம்பிக்கு இரண்டு ஆள் உயரத்தில், சிறகை அடிக்காமல் தொங்கின. இரை தேடவும் இல்லை. இரண்டாம் நாள் மார்பு எலும்பு கீழேயிருந்தே தெரிந்தது. டாக்டர் வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். இந்த வேகத்தில் போனால் ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்றார். மேலே பார்த்து, அவற்றுக்கும் அப்படித்தான் என்றார்.

அப்போதுதான் படக்காரம்மா அந்தக் கேமராவைக் கையில் எடுத்து, கடைசிப் படம் ஒன்றை அழித்துப் பார்த்தாள். அக்கா ஒரு மூச்சை முழுசாக விட்டாள். வெளியே ஒரு பறவை ஒரு சாண் இறங்கியது. எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்துவிட அதில் வழி இருந்தது. அதன் மேல் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். முழு அசதியையும் திருப்பிக் கொடுத்தால் பதினேழும் லாரிகளுக்கு நடுவே விழும். ஒவ்வொன்றுக்கும் முதல் படம் மட்டும் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் போக வேண்டும். எது எந்தப் பறவையின் முதல் படம் என்பதுதான் சிக்கல். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. ஆனால் முப்பது வருஷம் முகங்களாகப் பார்த்தவள் அவள். இதற்கு வலது இறக்கையில் ஒன்று குறை, அதற்கு மூக்கு நுனி லேசாக இடப்பக்கம், இது பயந்தது, அது கோபக்காரி என்று பிரித்தாள். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் வாயில் கஞ்சி ஊற்றிய நேரம் போக மூன்று நாள் அழித்தாள். சனிக்கிழமை கண் இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரு முதல் படமும் கை தவறிப் போயிற்று. அந்தப் பறவை ஒரு மணல் லாரியின் மேல் விழுந்து, மணலோடு போய்விட்டது. லாரி எந்தப் பக்கம் போனது என்று அவள் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டாள்.

மற்ற பதினாறும் அன்று மாலை சிறகை அசைத்துத் தெற்கே போயின. அக்கா கண்ணைத் திறந்தாள். பதினாறு பறவையின் அசதி இன்னும் அவள் உடம்பில் இருந்தது. “நீ நூறு, நூத்திருபதுன்னு சொன்னியே, அது வருஷத்துக்கா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடி?”

“தினமும்தான் சொன்னேன்.”

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்பது தெரியவில்லை. தங்கை எட்டிப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வருஷம் இலை உதிரத் தொடங்கியபோது இரண்டு மடக்கு நாற்காலிகளோடு இருவரும் புறவழிச்சாலைக்குப் போனார்கள். இடப்பக்கம் வருவது அக்காவுக்கு, வலப்பக்கம் வருவது தங்கைக்கு, நேராக வருவது யாருக்குக் கிட்டேயோ அவர்களுக்கு. டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதி என்பது முழுசைவிடக் குறைவுதான் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு கட்டிலில் விழுந்தார்கள், விளக்கைப் போடவும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாளாக அந்த வீட்டிலிருந்து சண்டைச் சத்தமே வராததால் பயந்துபோன எதிர்வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஒண்ணும் ஆகல,” என்றாள் அக்கா கண்ணைத் திறக்காமல். “இன்னைக்கு நாப்பத்தோரு பேர் போனாங்க. கதவைச் சாத்திட்டுப் போ.”

எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். இன்றைக்கு நாற்பத்தொன்று என்று கடைக்காரரிடம் சொன்னாள். மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே அவர், போன வருஷம் இதே தேதியில் முப்பத்தாறு என்றார்.