நிற்காத வரைக்கும் குளிர்

கடைவீதிச் சிக்னலில் கார் நின்றதும், ஏசி காற்று மாறியதை என் முழங்கைதான் முதலில் உணர்ந்தது. அதுவரை சில்லென்று இருந்த இடத்தில் யாரோ சுடுமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அன்று காலையில்தான் வண்டியை சர்வீஸ் சென்டரிலிருந்து எடுத்து வந்திருந்தோம். இதே ஏசிக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒவ்வொரு தடவையும் போல, ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கி, பலகை போட்டு, அதன்மேல் மூன்றடுக்கு கேக்கை ஏற்றியிருந்தோம். மறுபாதியில் என் நாத்தனார், தூங்குகிற கைக்குழந்தைக்குக் காவல் இருப்பவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் நானும் அவளும் ஆரம்பித்த கேக் வியாபாரம் அதுவரை அக்கம்பக்கத்துப் பிறந்தநாள்களைத் தாண்டியதில்லை. இது பெரிய ஹோட்டல். அவர்களுடைய புது விருந்துக்கூடம் அன்று சாயங்காலம் திறப்பு. கேக் பிடித்துப்போனால் இனி அந்தக் கூடத்து விசேஷங்களுக்கெல்லாம் நாங்கள்தான் என்று தலைமைச் சமையல்காரர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ரெண்டு பேரும் கொஞ்சம் தரையில கால் வச்சு நடங்க” என்று என் கணவர் கேலி செய்துகொண்டே இருந்தார்.

“அண்ணி, மேல் அடுக்கு வேர்க்குது” என்றாள் நாத்தனார்.

“உனக்கு வேர்க்குதா, கேக்குக்கா?”

“எனக்கு வேர்த்தா துடைச்சுக்குவேன். இதை எப்படித் துடைக்கிறது?”

சர்வீஸ் சென்டர் அங்கிருந்து பக்கம்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஆனால் சிக்னல் தாண்டி, அகலமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியதுமே காற்று மறுபடியும் குளிர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி, எங்கள் கார் சர்வீஸ் சென்டருக்குள் உத்தமமாக நுழைந்தது.

எங்கள் வண்டியைப் பார்க்கும் அட்வைசர், சலவை கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்தார். காற்று வரும் இடத்தில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அதுதான் எனக்கு அதிக ஆத்திரம். பொய் என்றால் சண்டை போடலாம்.

“பாருங்க மேடம், நல்லாத்தானே குளிருது? நேத்து நானே பைபாஸ்ல ஓட்டிப் பார்த்தேன். வெளியில வெயில் ஜாஸ்தி, அதான் உங்களுக்கு அப்படித் தோணுது.”

“தோணுதா!” நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். “சார், ஏறுங்க. கடைவீதி வரைக்கும் வாங்க. உங்களுக்கும் தோணுதான்னு பார்ப்போம். முன்னாடி வேணாம், பின்னாடி கேக்கு பக்கத்துல உக்காருங்க.”

அவர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கண்ணில் கேக் பட்டுவிட்டது. மூன்றடுக்கிலும் கிரீமில் செய்த பூக்கள். மூன்று நாள் என் மணிக்கட்டு வலித்ததெல்லாம் அங்கே இதழ் இதழாக இருந்தது. “நீங்களே பண்ணதா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் ஷூவைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

கடைவீதி எங்களை ஏமாற்றவில்லை. சுமை இறக்கும் லாரி ஒன்று, அதற்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே. கார் அசையாமல் நின்றது. கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புன்னகை போனது. அப்புறம் டை தளர்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அந்த நேரம் பார்த்து நடு அடுக்கிலிருந்து ஒரு பூ மெல்ல நகர்ந்து, தயங்கி, கீழே சரிந்தது. அவர் பாய்ந்து அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

“மேடம், பானெட்டைத் திறங்க!”

ஹாரன்களுக்கு நடுவே இறங்கி ஓடினார். ஒரு கையில் பூ, மறுகையில் பானெட். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தபோது, தொலைந்த மோதிரம் கிடைத்தவர் மாதிரி முகமெல்லாம் பல்.

“முன்னாடி இருக்கிற ஃபேன் சுத்தல மேடம்! வண்டி நிக்கும்போது ஃபேன்தான் சுத்தணும். ஓடும்போது வெளிக்காத்தே போதும், அதனால குளிருது. பைபாஸ்ல நான் எங்கயுமே நிக்கலையே!” ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்.”

இத்தனை மாதத்தில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அலைந்தேன் போலிருக்கிறது.

“கண்டுபிடிச்சீங்க, சந்தோஷம்” என்றாள் நாத்தனார். “இப்ப கேக்கை என்ன பண்றது?”

“நிக்கவே கூடாது. லெஃப்ட்ல சந்து இருக்கு, ஒடிங்க!”

ஒடித்தேன். மரக்கடைச் சந்து, பள்ளிக்கூடத்தின் பின்சுவர், தண்ணீர்த் தொட்டி என்று அவர் வழி சொல்லச் சொல்ல வண்டி ஓடியது. “மெதுவா மேடம், ஸ்பீட் பிரேக்கர்! ஆனா நிறுத்திடாதீங்க!” என்று இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினார். பலகையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்தார். ரவுண்டானாவில் ஹோட்டல் பக்கத்து ரோட்டை ஒரு டிராக்டர் மறித்துக்கொண்டு நின்றது. நிற்க முடியாதே, சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். போக்குவரத்துக் காவலர் எங்களோடு சேர்ந்து தலையைச் சுழற்றினார். “அண்ணி, அவர் விசில் எடுக்கிறாரு!” என்று நாத்தனார் அலறினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிராக்டர் நகர்ந்த இடைவெளியில் கார் நூலாக நுழைந்தது. காற்று பனிக்கட்டி மாதிரி அடித்தது.

ஹோட்டல் சமையலறை மேடையில் மூன்று பேருமாகத் தூக்கி வைத்தோம். நடு அடுக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நான் பூ உதிர்ந்த இடத்தில் வேறு பூ பிழிந்தேன். நாத்தனார் மேலே பொடிச் சர்க்கரை தூவினாள். தலைமைச் சமையல்காரர் கேக்கை ஒரு முறை சுற்றி வந்தார். சாய்ந்த இடத்தில் குனிந்து பார்த்தார். ஒரு விரல் கிரீமை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்த வெயில்ல இது எப்படி உருகாம வந்துச்சு?”

“எங்கயும் நிக்கல சார்” என்றார் அட்வைசர், ஏதோ எங்கள் கடைப் பங்குதாரர் மாதிரி.

சமையல்காரர் சிரித்துவிட்டார். கேக்கின் சாய்ந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். “நாளைக்கு வாங்க, பேசுவோம்.”

திரும்பும்போது ஃபேன் மாற்றுவதற்காக அட்வைசரோடு சர்வீஸ் சென்டருக்கே வண்டியை ஓட்டினேன். கடைவீதியில் அதே நெரிசல். ஏசியை அணைத்துவிட்டு ஜன்னல்களை இறக்கினோம். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது கிளப்பிய காற்று, நாத்தனார் மடியில் வாய் திறந்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை அப்படியே வாரி இறைத்தது. அவர் தலை, இவள் புருவம், என் வியர்த்த கை எல்லாம் வெள்ளை. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்க்க, கார் முழுக்க அந்தத் தூள் வெயிலில் மினுங்கியபடி மெல்ல மெல்ல எங்கள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.