ஊசி குத்தியது யார் கையில்?

லாரி ஓட்டுகிறவனுக்கு உட்கார முடியவில்லை என்றால் எந்தப் பெண்டாட்டிதான் கவனிக்க மாட்டாள்? கலியாணசுந்தரம் பத்து நாளாக நின்றுகொண்டே சோறு தின்றான். கேட்டால், லாரி சீட்டு சூடு என்றான். அவன் கால்சட்டையைத் துவைக்கும்போது பின்பக்கம் பொட்டுப் பொட்டாக இரத்தக் கறை. ஊசி போட்ட கறை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தின்கிற சோறும் குறையவில்லை. பிறகு எதற்கு ஊசி என்று பூங்காவனம் துவைகல்லின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் காஜா பேராங் என்கிற அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, பிள்ளைத்தாய்ச்சிகளின் இரத்தம் ஏன் வெளுத்துப் போகிறது என்று ஆராய்ச்சி செய்ய டாக்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கை நீட்டிய ஒவ்வொருத்திக்கும் ஒரு டின் பால் கொடுத்தார்கள். பூங்காவனமும் நீட்டினாள். ஐந்து வாரம் கழித்துப் பலருக்கும் மாத்திரை வந்தது. அவளுக்கோ, "வீட்டுக்காரர வரச் சொல்லும்மா" என்றார் டிரெஸ்ஸர் மருதமுத்து. டாக்டருக்கும் தமிழ் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறவர் அவர்தான். கலியாணசுந்தரம் போனான், வந்தான். "ஒன்னும் இல்லலா, கீரை தின்னணுமாம்" என்றான். அவளும் பைத்தியக்காரி மாதிரி மூன்று வாரம் முருங்கைக்கீரை தின்றாள்.

தின்னாமல் என்ன செய்வாள்? வயிற்றில் ஏழு மாதம். இதற்கு முன் மூன்று பிள்ளைகள். இரண்டு செத்தே பிறந்தன. மூன்றாவது ஒரு பகல் இருந்துவிட்டுப் போனது. மாமியார் பாக்கியலட்சுமி அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பிள்ளையத் தின்னவ'. அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, தன் வயிற்றில்தான் ஏதோ விஷம் இருக்கிறது என்று பூங்காவனமே நம்பத் தொடங்கியிருந்தாள். ஒரு நாளாவது 'சும்மா இரும்மா' என்று புருஷன் வாயைத் திறந்தானா? இல்லை.

ஈரத் துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"என் ரத்தத்துல என்னா இருந்துச்சு?" என்றாள்.

மருதமுத்து நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அதான் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சே. இந்த மாதிரி சமாச்சாரத்தப் பொம்பளைங்ககிட்ட நேரா சொல்ற வழக்கம் இல்லம்மா. குடும்பம் கெட்டுப் போயிடும்."

"ஊசி குத்துனது யாரு கையில, அவரு கையிலயா? பிள்ள யாரு வயித்துல இருக்கு, அவரு வயித்துலயா?"

"சத்தம் போடாத. நாளைக்கு அவரக் கூட்டிக்கிட்டு வா."

"வரமாட்டேன். போகவும் மாட்டேன்" என்று வாசற்படியை அடைத்து உட்கார்ந்தாள். ஏழு மாத வயிற்றுக்காரியை யார் தூக்கி அப்புறப்படுத்துவது? வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது என்று ஊரெல்லாம் மெர்டேக்கா மெர்டேக்கா என்று சொல்லிக் கொடி தைத்துக்கொண்டிருந்த மாதம் அது. இவளுக்கு இவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை!

சத்தம் கேட்டுச் சிங்கப்பூர்ச் சீன டாக்டர் வெளியே வந்தார். இளம் வயது. மருதமுத்து எழுந்து ஆங்கிலத்தில் என்னவோ குழைந்தார். பூங்காவனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எட்டு வருடம் மலாய்க்கார வீடுகளில் துணி துவைத்தவள். மருதமுத்துவை ஒதுக்கிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்:

"துவான், இனி சாயா புஞா டாரா. காசி தாவு சாயா."

இது என் இரத்தம், எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டாள். டாக்டர் திகைத்து, அவளை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, அதே சந்தை மலாயில், மெதுவாகச் சொன்னார். அவர்கள் தேடியது இரும்புச் சத்தை. தேடாத ஒன்று அகப்பட்டது. ஆண்கள் வெளியே போய் வாங்கி வருகிற நோய். மனைவிக்கு ஒட்டும், அவள் வழியாகப் பிள்ளைக்கும் போகும். முந்தைய பிள்ளைகள் இறந்ததும் பெரும்பாலும் இதனால்தான். தமிழில் அதற்கு மேகவியாதி என்று பெயர் இருப்பது பூங்காவனத்துக்குத் தெரியும்.

"பத்து ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம், உடனே அழைத்து வா என்று உன் கணவரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னேனே. வரவில்லையே?" என்றார் டாக்டர்.

அவன் தனக்கு மட்டும் எங்கேயோ போய்ப் போட்டுக்கொண்டான்!

பூங்காவனம் அழுதாள். மூன்று பிள்ளைகளுக்காகவும் சேர்த்து அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. என் வயிறு எதையும் தின்னவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "இப்ப போட்டா பிள்ள பொழைக்குமா?" என்று கேட்டாள். நாள் கடந்துவிட்டது, ஆனாலும் வழி இருக்கிறது என்றார். "அப்ப இப்பவே போடுங்க" என்றாள்.

வெளியே வந்தவள் மருதமுத்துவின் மேசை முன் நின்றாள். "என்னையத் தவிர இன்னும் எத்தன பேரோட வீட்டுக்காரர வரச் சொன்னீங்க?"

"நாலு பேரு" என்றார், தரையைப் பார்த்தபடி.

"அந்த நாலு பொம்பளைங்களையும் கூப்பிட்டு, தனித்தனியா, அவுங்க காதுல சொல்லுங்க. நாளைக்கு நான் ரெண்டாவது ஊசிக்கு வரும்போது கேப்பேன்."

அந்தியில் கலியாணசுந்தரம் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரிய வேணாம் பூங்காவனம், மானம் போயிடும்" என்று கையைப் பிடித்தான்.

"மூணு பிள்ளையப் பொதைச்சப்ப என் மானம் எங்கய்யா இருந்துச்சு?" என்று கையை உதறினாள். அடுப்படியிலிருந்த மாமியாருக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். கேட்டது. சட்டுவம் உரசும் சத்தம் நின்றுபோயிற்று.

உட்கார முடியாமல் நின்றபடியே அவன், "நாளைக்கு லாரியில கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

"கூட்டிக்கிட்டுப் போ. ஆனா டாக்டர் பேசும்போது நீ வெளிய நில்லு. உன்கிட்ட என்ன சொல்லணுமோ அத நான் வந்து சொல்றேன்."