கிளைவ் கேட்ட கையெழுத்து

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டை நீதிமன்றத்தில் கட்டாவிட்டால் கிளைவின் வழக்கு தள்ளுபடி. கிளைவ் என் கணவன். வழக்குப் போட்டது அவனுடைய கட்டடக் கம்பெனி. அதன் பெயரில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி தவிர ஒரு மண்ணும் கிடையாது. "இவன் தோற்றால் என் வக்கீல் செலவை யாரிடம் போய் வாங்குவது?" என்று எதிராளி கேட்டார். லீட்ஸ் நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. முதலில் பிணையத் தொகையைக் கட்டு, பிறகு வழக்கை நடத்து என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஜெயித்தால் ஏழு லட்சம். கிளைவ் அதை நம்பியே இரண்டு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கையில் காசில்லை. நாங்கள் குடியிருந்த ஹாலிஃபாக்ஸ் வீடு என் பெயரில் இருந்தது. அதன் மேல் கடன் தர ஒரு கம்பெனி முன்வந்தது. ஆனால் புருஷன் தொழிலுக்காக வீட்டை அடமானம் வைக்கும் பெண்டாட்டி, முதலில் தனக்கென்று ஒரு வக்கீலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். கடைசி நாள் மதியம் காரில் கூட்டிப்போனான்.

"சும்மா சடங்கு, கண்ணு. அந்த வக்கீல் பொண்ணு எதைக் கேட்டாலும் புரியுதுன்னு சொல்லிடு. முடிஞ்சதும் மீனும் சிப்ஸும் வாங்கித் தரேன்."

"வீட்டுக்குப் பதிலா மீனும் சிப்ஸுமா? பட்டாணியாவது உண்டா?"

"கேலியெல்லாம் அப்புறம் வெச்சுக்கோ, ஹிலரி."

வக்கீல் மிஸ் ஹோல்ராய்டுக்கு முப்பது வயதிருக்கும். கிளைவுக்கு நேராகக் கதவைக் காட்டினாள்.

"நீங்க வெளியில இருங்க, மிஸ்டர் ஆக்ராய்ட்."

"நான் பக்கத்துல இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்குமே."

"அதனாலதான் வெளியில இருக்கச் சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கு தோற்றால் வீடு போய்விடும் என்பதை இரண்டு முறை சொன்னாள். பிறகு கேட்டாள்: "நீங்களா விரும்பித்தான் கையெழுத்துப் போடறீங்களா?"

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தொண்ணூற்றொன்றில் அவனுடைய முதல் கம்பெனி நொடிக்கப்போவது தெரிந்ததும், "இங்க ஒரு கையெழுத்து, கண்ணு" என்று வீட்டை என் பெயருக்கு மாற்றினான். போட்டேன். அந்தக் கம்பெனிக்கு என் அப்பா நாற்பத்திரண்டு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்திருந்தார். ஒரு பைசா வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்கிட்ட எதுவும் இல்ல மாமா, வீடுகூட உங்க மக பேர்லதான்" என்று கறியை வெட்டிக்கொண்டே சொன்னான் கிளைவ். அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அறுபத்தொரு வயதில் அவர் வேனை விற்றுவிட்டு ஊரான் வேலைக்கு வாளி தூக்கப் போனார். மூன்றாம் வருடம் சாரத்திலேயே சுருண்டு விழுந்து செத்தார்.

"விரும்பல," என்றேன்.

மிஸ் ஹோல்ராய்ட் பேனாவை மூடினாள். "அப்ப கடன் கம்பெனிக்கு இப்பவே தகவல் அனுப்பிடறேன். உங்க கணவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அந்தச் சந்தோஷத்தை எனக்கு விடுங்க."

வெளியே பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. போடல."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆனது.

"மணி மூணேகால், ஹிலரி. விளையாடாதே."

"எங்கப்பாவோட நாப்பத்திரண்டு வீடு, கிளைவ்."

"எந்த நாப்பத்திரண்டு?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. இத்தனை வருடத்தில் எதுவும் என்னை அவ்வளவு எரித்ததில்லை. வரிசையாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"அதுக்காகவா? கேஸ் போச்சுன்னா எதிராளியோட வக்கீல் செலவும் என் தலையில விழும். நானே பொறுப்புன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நான் தெருவுலதான் நிக்கணும்!"

"நில்லு. என் வீட்டுக்கு வர்றதா இருந்தா முதல்ல போன் பண்ணிக் கேளு."

கெஞ்சினான், திட்டினான், யார் யாரையோ போனில் கூப்பிட்டான். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மணி நான்கு அடிக்கும் வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.