மறுதாம்புச் சோளம்

அன்று மேலக்காட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். காசிநாதனாகிய நான். என் மனைவி உண்ணாமலை. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் மகன் ராஜேஷ். அன்று அவனுக்கு வார விடுமுறை. என் சித்தப்பா மகன் முத்துசாமி. கடைசியாக வந்து சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜெயசித்ரா. இதற்கு மேல் ஒரு ஆள் கிடையாது. தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்ததாக இன்றைக்கு வேப்பந்தட்டை டீக்கடையில் சொல்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

முத்துசாமிக்கும் எனக்கும் நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது. பொதுக்கிணற்றில் யார் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுவது என்பதில் ஆரம்பித்தது, கோர்ட்டு வரை போய், என் மகள் முத்தமிழ் கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்காததில் முடிந்தது. அவன் இல்லாமல் என் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில் எனக்குப் பெருமைதான். போன மாதம் என் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு அவன் பருத்தியில் இறங்கிவிட்டன. இன்னொரு தரம் எங்காட்டுல கால் வச்சா மாடு வூடு போய்ச் சேராது என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். அது என் காதுக்கு வந்தது. மனதில் வைத்திருந்தேன்.

அன்று காலை மாடுகளை என் சொந்தக் காட்டில்தான் அவிழ்த்துவிட்டேன். தீவனத்துக்காக அரை ஏக்கர் சோளம் போட்டு அறுத்திருந்தேன். மழையில்லாமல் கட்டைகள் காய்ந்து நின்றன. போன வாரம் விழுந்த தூறலில் அந்தக் கட்டைகளிலிருந்து மறுதாம்பு சாண் உயரத்துக்குப் பச்சையாகத் துளிர்த்திருந்தது. கோடை முழுக்க வெறும் தட்டையைத் தின்ற மாடுகள் மூன்றும் தலையைத் தூக்காமல் மேய்ந்தன. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, மண்வெட்டிக்குப் புதுக் காம்பு எடுக்க மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது முத்துசாமி என் காட்டுக்குள் நின்றான். கையில் கருவேலங்குச்சி. மாடுகளை முதுகிலும் முகத்திலும் மாறி மாறி அடித்து விரட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைப்பசு ஏற்கெனவே விழுந்து கிடந்தது. நான்கு கால்களும் உதைத்துக்கொண்டிருந்தன. கழுத்து முதுகுப் பக்கமாக வளைந்து, வாயில் நுரை. என் கண்ணெதிரே சினைக்கிடாரி முன்னங்கால் மடிந்து சரிந்தது. சரியும்போது அது போட்ட சத்தம் மாடு போடுகிற சத்தமாக இல்லை.

"அண்ணே, சோளத்துல..." என்றான் முத்துசாமி.

அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த வாயிலேயே அடித்தேன். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பல் இரண்டு மண்ணில் விழுந்தது.

உண்ணாமலை ஓடிவந்து அவன் தலையை மடியில் தூக்கி வைத்தாள். கல்யாணமான நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பாவி என்றாள். ராஜேஷ் காம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான்.

அதற்குள் ஸ்கூட்டரில் அந்த டாக்டரம்மா வந்துவிட்டார். யாரையும் ஒன்றும் கேட்காமல், நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்த செவலைப்பசுவிடம் ஓடிக் கழுத்து நரம்பில் மருந்தை ஏற்றினார். பிறகுதான் முத்துசாமியைப் பார்த்தார். இவருக்கு என்ன என்று கேட்டார். மாடு உதைச்சிருச்சுங்க என்றான் ராஜேஷ். ரத்தம் தொண்டைக்குள் போகாமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். உண்ணாமலை பிடித்தாள். அவள் மடி முழுக்க நனைந்திருந்தது.

ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. மற்ற இரண்டு மாடுகளும் செத்துவிட்டன. நான் விடவில்லை. அறுத்துப் பாருங்கள், விஷ மருந்து வைத்திருக்கிறார்கள், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அறுக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது என்றார். நான் மறுபடியும் சொன்னேன். ராஜேஷ் காலை விரித்துப் பிடிக்க, அவர் வெள்ளைப்பசுவை நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை கிழித்தார். விஷத்தில் செத்த மாட்டின் ரத்தம் கறுத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். புதுக் குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல் அவ்வளவு சிவப்பு. இரைப்பையைத் திறந்தபோது தொண்டையைப் பிடிக்கிற ஒரு கசப்பு வாடை வந்தது. உள்ளே பாதி மென்ற சோளத்துளிர்.

"மூச்சு முட்டிச் சாகலைங்க பெரியவரே," என்றார். "ரத்தத்துல காத்து நெறையா இருக்கு, அதான் இந்தச் சிவப்பு. உடம்புல ஒவ்வொரு செல்லும் அந்தக் காத்த வாங்கித்தான் தின்ன தீனிய எரிச்சு சக்தியா மாத்தும். காஞ்சு துளிர்த்த சோளத்துல இருக்குற விஷம் அந்த எடத்தைத்தான் அடைக்குது. காத்து வாசல் வரைக்கும் வருது, உள்ள வாங்க ஆளில்ல. வயிறு நெறைய வச்சுக்கிட்டு, ஒரு வாய் சக்தி இல்லாம செத்துருக்கு."

மறுதாம்புச் சோளம் மாட்டைக் கொல்லும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதினைந்து வருடமாக மக்காச்சோளமும் பருத்தியுமே போட்டு வந்ததில் மறந்துபோனேன். மறந்தேன் என்று யார் முன்னாலும் சொல்லிப் பழக்கமில்லாததால், சோளம் என்று உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது, இந்த மருந்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்களே என்று அதட்டினேன்.

"போன்ல சொன்னாருல்ல. எங்கண்ணன் மாடு மறுதாம்புல எறங்கிருச்சு, வெரட்டிக்கிட்டு இருக்கேன், வெரசா வாங்கன்னு. உங்க தம்பிதான். எங்க அவரு?"

எனக்கு உடன்பிறந்த தம்பி கிடையாது. உண்ணாமலை தன் மடியில் கிடந்த முத்துசாமியைப் பார்த்தாள்.

பெரம்பலூரில் முத்துசாமியின் இரண்டு தாடையையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. பல்லிடுக்கில் குழாய் வைத்துக் கஞ்சித்தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது ராஜேஷ் அதே கதையைச் சொன்னான். முத்துசாமி தலையை ஆட்டினான். நான் வராந்தாவில் நின்று அதைப் பார்த்தேன். குடும்ப மானம் போயிரும், விடுங்கப்பா என்று ராஜேஷ் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். நான் வந்தேன்.

செவலையைப் பார்க்க டாக்டரம்மா மறுபடி வந்தபோது, ஒரு ஆள் கஞ்சித்தண்ணீரில் எத்தனை நாள் தாங்குவான் என்று கேட்டேன். உள்ளே போகிறது பற்றாவிட்டால் உடம்பு முதலில் கொழுப்பை எடுத்து எரிக்கும், பிறகு சதையை எடுக்கும், அடுப்பை அணையவிடாது என்றார். மூன்றாவது வாரம் முத்துசாமியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான், கால் நடுங்கியது. உட்காருடா என்றேன். உட்கார்ந்தான். குழாய் வழியே அவன் வாய்க்குக் கஞ்சி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாகக் கிடந்த மாடு உதைத்து முத்துசாமியின் தாடை உடைந்தது என்று அரியலூர் வரைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மாடு உதைக்கவில்லை. நான் அடித்தேன். மண்வெட்டிக் காம்பால், இரண்டு அடி. இரண்டாவது, அவன் விழுந்த பிறகு.