ஏழாம் படுக்கையின் அளவு

சின்ன சிஸ்டருக்கு வயது நாற்பத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்தபோது அதே வார்டில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்ததால் இவர் சின்னவரானார். பெரியவர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் பட்டம் இவரை விட்டபாடில்லை.

அன்று அவர் சட்டைப்பையில் ஒரு உறை இருந்தது. உள்ளே ராஜினாமாக் கடிதம். நாற்பது படுக்கைக்கு இரண்டே நர்ஸ். நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. மருந்து தீர்ந்தாலும் மின்விசிறி நின்றாலும் திட்டு வாங்குவதற்கு இவர்தான் அகப்பட்டார். பட்டது போதும் என்று கணவரும் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் மேட்ரனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் ஏழாம் படுக்கை மனத்தை அரித்தது. பிரசவத்தில் ஏகப்பட்ட ரத்தம் போய், மறுபிழைப்பு பிழைத்த பெண். இரண்டு நாளாகச் சிறுநீர் இறங்கவில்லை. மதியத்துக்குள் இறங்காவிட்டால் டயாலிசிஸுக்காக வெளியூர் அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் தாங்குவாளா என்று அவர் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் அவள் அம்மா, பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

பத்து மணிக்குக் குனிந்து பார்த்தபோது, கட்டிலோரம் தொங்கிய, குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையின் அடியில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. சின்ன சிஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அளவு ஜாடியில் பிடித்தார். பதினைந்து மில்லி. நர்ஸுகள் எண்ணை முதலில் கைக்குக் கிடைத்ததில்தான் எழுதுவார்கள்: உள்ளங்கை, பிளாஸ்திரி, மாத்திரை அட்டை. இவர் கைக்குக் கிடைத்தது அந்த உறை. பதினொன்றுக்கு நாற்பது. பன்னிரண்டுக்கு எழுபது. ஒரு மணிக்கு நூற்றிருபது. ஜாடியை இரண்டு கையாலும் ஏந்தி, போட்டியில் கோப்பை ஜெயித்தவர் மாதிரி டாக்டரிடம் போனார். சிறுநீரைப் பார்த்து இத்தனை சந்தோஷப்படுகிற பிழைப்பு உலகத்தில் வேறு எது?

டாக்டர் உறையில் இருந்த எண்களைப் படித்துவிட்டு, அனுப்ப வேண்டாம் என்றார்.

சின்ன சிஸ்டர் பெஞ்சுக்குப் போனார். "உங்க பொண்ணுக்கு நீர் இறங்கிடுச்சும்மா. எங்கயும் அனுப்பல."

அந்த அம்மா குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவருக்கும் கண் நிறைந்தது. துடைக்கத்தான் கை இல்லை.

இரண்டு மணிக்கு மேட்ரன் வந்து, காலையில் ஏதோ கடிதம் தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டார். சின்ன சிஸ்டர் உறையை எடுத்துக் காட்டினார்.

"இதுல ஏழாம் பெட்டோட அளவு இருக்கு மேடம். கேஸ் ஷீட்ல இன்னும் ஏத்தல."

"ஏத்திட்டுக் குடுங்க."

உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். பிறகு, ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதையும் மறந்து, மறுபடி ஏழாம் படுக்கையண்டை போய்க் குனிந்தார். நூற்றைம்பது. அதையும் உறையிலேயே எழுதினார்.

மேட்ரன் கையை நீட்டியபடி நின்றிருந்தார். சின்ன சிஸ்டர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பின்பக்கம் காலியா இருக்கு மேடம். நாளைக்கு அளவு எழுதணும்."