ஒரே தொட்டியில் இரண்டு பூச்சாடிகள்

1

இந்தக் கதை என் வீட்டுப் பாத்திரத் தொட்டியில் பிறந்தது. பித்தளை தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. ஈரக் கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி: "அன்று மழை பெய்துகொண்டி... " (வேண்டாம். மழைக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.)

2

அண்ணியிடமிருந்தே தொடங்குகிறேன். கணவனின் தங்கை சின்னவள், வீடு மாறும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று தன் பித்தளைப் பூச்சாடியை அண்ணியிடம் கொடுத்துவைத்திருந்தாள். அதன் ஜோடி அண்ணியிடமே இருந்தது. மாமியார் கண்ணை மூடுவதற்கு முன் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தவை.

சின்னவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டவள். அம்மா இரண்டு வருடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. "அம்மா என்னை மன்னிச்சுட்டாங்கன்னு இந்தச் சாடி கைக்கு வந்தப்பதான் நம்பினேன் அண்ணி" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இன்று அதை வாங்கிப்போக வருகிறாள். பளிச்சென்று கொடுக்கலாமே என்று அண்ணி எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்து, கறுத்துப்போயிருந்த இரண்டையும் ஊறப்போட்டாள். ஒரே தொட்டியில். (அடிக்கோடிட்டிருக்கிறேன்.) தேய்க்கத் தேய்க்க ஒன்று தங்கமாய் மின்னியது. மற்றதன் வயிற்றில் மஞ்சள் உரிந்து இரும்பு எட்டிப்பார்த்தது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டது. வெறும் முலாம்.

3

எது யாருடையது?

(கனத்தில் தெரியாதா என்பீர்கள். இரும்பும் லேசுப்பட்டதல்ல.)

"உன்னை யாரு ஒண்ணாப் போடச் சொன்னா?" என்றான் கணவன்.

"அதை விடுங்க. உங்கம்மா யாருக்கு எதைக் கொடுத்தாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

முதல் பிரதியில் இவன்தான் சாடியை மாற்றிவைத்த திருடன். தன் துண்டையே தேடிக்கொள்ளத் தெரியாதவன், அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு மாமியார்மேல் பாய்ந்தேன்: 'தெரிந்தே மகளுக்குப் போலியை... ' முடிக்க மனம் வரவில்லை. கடைக்காரன் அவளையே ஏமாற்றியிருக்கலாம். மருமகளுக்கே போலியைக் கொடுத்திருக்கலாம். எழுதுகிற எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? தலை சுற்றுகிறது.

4

முடிவு அ: அண்ணி நல்லதைக் கொடுத்துவிடுகிறாள். பெருந்தன்மைதான். ஆனால் அது ஏற்கெனவே சின்னவளுடையது என்றால் இவள் கொடுத்தது என்ன? மாமியார் தனக்குத்தான் போலியைத் தந்தாளோ என்ற எண்ணம் வேறு ஆயுசுக்கும் கூடவே இருக்கும்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எந்த உண்மையை?

முடிவு இ: கைதவறிச் சாடி விழுந்து உடை... (பித்தளை உடையாது. இரும்பும் உடையாது. மூளைதான் வேலை செய்யவில்லை.)

5

அழைப்புமணி அடித்தது. நான்காவது முடிவை யோசிக்க எனக்கு நேரமே கொடுக்காமல் சின்னவள் உள்ளே வந்துவிட்டாள். மேஜைமேல் இருந்த இரண்டையும் பார்த்தாள். உரிந்த இடத்தை விரலால் தடவினாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அண்ணி... இதுல என்னோடது எது?"

அண்ணி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்குகிறது.