கழற்றிய வயர்

...இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று அன்றைக்கு ஹனாவிடம் சொன்னபோது நிஷாந்தினிக்கு அது பொய்யாகத் தோன்றவில்லையே, ரோபோவும் திரையும் ஒன்றாகத்தானே வளர்ந்தன, பதுளை பஜாரின் இதே மாடியறையில், ரோபோவை நடத்துகிற நிரலான ஃப்ரேம்வர்க்கை அவள் எழுத, அதற்குள்ளேயே பட்டனும் வரைபடமும் எச்சரிக்கை விளக்குமாகத் திரையைக் காட்டுகிற நிரல்களை, அந்த லைப்ரரியை, ஹனா எழுத... இப்போது ஹனாவின் பாதி மட்டும் தனியாக வேண்டுமாம். மடுல்சீமைத் தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு ரோபோ வழுக்கி விழுந்ததைப் பார்க்க வந்திருந்த ஹல்துமுல்லைத் தோட்டத்துத் துரை, விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "இந்த ஸ்க்ரீன் நல்லா இருக்கே, எங்க பேக்டரியில கொழுந்து வாட்டுற ரூமுக்கு இத மட்டும் தருவீங்களா?" என்றார், ஹனா சிரித்தாள், சந்தோஷத்தில்தான் சிரித்தாள், ஆனால் ரோபோ சேற்றில் கிடக்கும்போதா? கொழுந்து பறிக்கிற அம்மாவின் முதுகிலிருக்கும் மூட்டையை நினைத்துத்தான் நிஷாந்தினி ரோபோவுக்கு எழுதத் தொடங்கினாள், யாரிடமும் சொன்னதில்லை, ஹனாவிடம்கூட.

ரோபோவுக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் அவள்தான் என்பதால் திரையைத் தனியாக அறுத்தெடுக்கிற வேலையும் அவள் தலையில். காலையிலிருந்து அதே வேலை, எழுத்துக்கும் படத்துக்கும் செய்திக்கும் திரை எங்கெல்லாம் ரோபோவிடம் கை நீட்டியதோ அங்கெல்லாம் வேறு வழி வைத்து வைத்து அறுத்தாள், கடைசியில் நேரம் மட்டும் மிஞ்சியது. திரை நேரத்தை ரோபோவின் கடிகாரத்திடம்தான் கேட்கிறது. இங்கே மேசைப் பக்கத்திலேயே வயரில் இணைந்து ரோபோ இருக்கிறது, ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் ஓடும். ஹல்துமுல்லையில் ரோபோ ஏது? திரை திறக்கும், முதல் எண்ணிலேயே உறைந்து நிற்கும், அறையின் சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதே எண், துரை திரும்பிப் பார்ப்பார், ஹனாவின் முகம்... அந்த முகத்தை நினைக்க இனித்தது, ஏன் இப்படி இனிக்கிறது? அப்படியே விட்டால் யாருக்குத் தெரியும், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று, எழுதும்போது ஹனாவும்தானே கவனிக்கவில்லை? ஃபோன் அடித்தது, ஹனா.

"நிஷா, நான் பேக்டரிக்கு வந்துட்டன். அனுப்ப ஏலுமா?"

"இன்னும் ஒரு இடம் இருக்கு."

"என்ன இடம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம், வாய் அதற்குத்தான் திறந்தது... "நேரம். அது ரோபோகிட்ட கேக்குது. அங்க வந்தா அப்படியே நின்னுடும்."

"அல்லாஹ், நான் அத யோசிக்கவே இல்லியே!" ஹனா மறைக்கவில்லை, சமாளிக்கவில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. நிஷாந்தினி திரையைக் கம்ப்யூட்டரின் சொந்தக் கடிகாரத்திடமே கேட்கும்படி மாற்றினாள், சில வரிதான், ரோபோவின் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினாள், திறக்காது என்று மனதின் ஒரு மூலை இன்னும் காத்திருந்தது... திறந்தது. முன்பைவிட வேகமாக, இத்தனை நாளும் அவளுடைய எழுத்துதான் அதை இழுத்துப் பிடித்திருந்தது போல. அனுப்பினாள்.

எழுந்து போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றாள், கீழே பசறை பஸ் ஆளேற்றிக்கொண்டிருந்தது, திரும்பி வந்தபோது ஹனாவின் குரல் செய்தி, பின்னால் மிஷின் இரைச்சல், "நம்பர் எல்லாம் ஓடுது நிஷா, துரைக்கு நல்ல சந்தோசம், நிஷாந்தினி இல்லாட்டி இது தனியா நிண்டிருக்காது எண்டு அவர்கிட்ட சொன்னன்." மறுபடி போட்டுக் கேட்டாள், பொய் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று, இல்லை. ஓடியது ரோபோவாக இருந்து, துரை முன்னால் தான் நின்றிருந்தால், ஹனாவின் பெயரைச் சொல்லியிருப்பாளா... சொல்லியிருப்பேன் என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள், அறையில் யாருமில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் மனம் எரிந்தது அந்தத் திரையைப் பார்த்துத்தானா, இல்லை இவ்வளவு எளிதாக இன்னொருத்தி பெயரைச் சொல்லிவிட முடிகிற அந்த வாயைப் பார்த்தா...